குறைந்த செலவில் துல்லியப் பண்ணையம்: ஒரு ஏக்கரில் தொடங்குவதற்கான முழு வழிகாட்டி

துல்லியப் பண்ணையம் என்பது ஒரே வயலின் ஒவ்வொரு பகுதிக்கும் வேண்டிய தண்ணீரையும் உரத்தையும் அளந்து கொடுப்பது. ஆனால் பெயரைக் கேட்டதும் டிரோன், சென்சார், செல்போனில் ஓடும் மோட்டார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதனால் முதல் பணத்தை அங்கேயே போட்டுவிடுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தக்காளி, மிளகாய், கத்தரி போடும் பல தோட்டங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் சென்சார் இருக்கும். ஆனால் போர் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் கொடுக்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது.

பணம் வீணாவது பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான். முதலில் தண்ணீர், அடுத்து மண், பிறகு குழாய், அதன்பின் உரம். கருவி அதற்கப்புறம். இந்த வரிசையில் போனால் கீழே எண்ணிட்டுச் சொல்லும் படிகளில் முதல் நாலுக்கு ஏறக்குறைய செலவே இல்லை. போர் தண்ணீரில் காய்கறி வைக்கும் செம்மண் நிலத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கிணற்றுப் பாசனத்துக்கும் களிமண்ணுக்கும் எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

தொடங்குவதற்கு முன் கையில் வேண்டியவை

200 லிட்டர் டிரம் ஒன்று, 30 மீட்டர் டேப், ஒரே அளவிலான பத்துப் பன்னிரண்டு டம்ளர், மில்லி கோடு போட்ட அளவுக் குடுவை, கட்டம் போட்ட நோட்டு, கடிகாரம் உள்ள போன். பிளாஸ்டிக் மழைமானி ஒன்றும், தண்ணீரின் உப்பைக் காட்டும் பேனா போன்ற ஈ.சி. மீட்டர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பருவத்துக்கு இவை போதும்.

காகிதங்களில் சிட்டா, அடங்கல், புலப்பட வரைபடம், ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தக நகல் வேண்டும். சிறு, குறு விவசாயி சான்றுக்கு முதல் நாளே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். வட்டாட்சியரிடமிருந்து அது வர நாளாகும். மற்ற எல்லாம் தயாராகி, இந்த ஒரு சான்றுக்காக நடவுப் பருவமே தள்ளிப்போனவர்கள் உண்டு.

1. ஒரு ஏக்கரைத் தேர்ந்தெடுத்துப் படம் வரையுங்கள்

ஐந்து ஏக்கர் இருந்தாலும் ஒரு ஏக்கரில் மட்டும் தொடங்குங்கள். மீதியைப் பழையபடியே செய்யுங்கள். அப்போதுதான் தண்ணீரும் உரமும் எவ்வளவு மிச்சமானது என்பது பக்கத்து வயலை வைத்தே தெரியும்.

புலப்பட வரைபடத்தைத் தமிழக அரசின் இணையச் சேவைத் தளத்திலிருந்து எடுத்து, அதன் மேல் போர், மின்கம்பம், மரங்கள், சரிவின் திசை எல்லாவற்றையும் குறியுங்கள். போன் செயலியில் வயலைச் சுற்றி நடந்து பரப்பு அளக்கலாம். ஆனால் போனின் ஜி.பி.எஸ். சில மீட்டர் முன்பின் காட்டும். பத்து ஏக்கரில் அது பெரிய விஷயமில்லை. முப்பது சென்டில் பெரிய பிழை. குழாய் வாங்கும் அளவுக்கு டேப் பிடித்தே அளந்துகொள்ளுங்கள்.

படத்தில் இன்னொன்றையும் குறியுங்கள்: எந்த மூலையில் எப்போதும் பயிர் மட்டமாக வருகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே முன்பு எருக்குழி இருந்தது. இது உங்களுக்கும், அந்த நிலத்தில் வருஷக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கும்தான் தெரியும். செயற்கைக்கோள் படம் பின்னால் காட்டப்போவதில் பாதி இதிலேயே வந்துவிடும்.

2. தண்ணீரை அளந்து பாருங்கள்

மோட்டாரைப் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். தொடக்கத்தில் வரும் வேகம் போரில் தேங்கி நின்ற தண்ணீரின் வேகம். உண்மையான ஊற்று அப்புறம்தான் தெரியும். ஒரு மணி நேரம் கழிந்ததும் 200 லிட்டர் டிரம்மைக் குழாய்க்குக் கீழே வைத்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள்.

80 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 9,000 லிட்டர். 60 விநாடி என்றால் 12,000. கணக்கு எளிது: 7,20,000-ஐ விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும்.

இந்த அளவைச் சித்திரை, வைகாசியில் எடுப்பது நல்லது. ஐப்பசி மழைக்குப் பிறகு அளந்து, அந்த எண்ணை நம்பிக் குழாய் போட்டுவிட்டு, கோடையில் கடைசி வரிசைக்குத் தண்ணீர் போகாமல் தவிப்பதுதான் நான் அதிகம் பார்த்த கோளாறு. மழைக்காலத்தில்தான் அளக்க முடிகிறது என்றால் அந்த எண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

மும்முனை மின்சாரம் உங்கள் ஊரில் எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில் வருகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வயலைப் பாசனப் பிரிவுகளாகப் பிரிப்பதற்கு இது கட்டாயம் தேவைப்படும்.

3. மண்ணையும் தண்ணீரையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்

மாதிரி எடுப்பதில் தவறினால் ஆய்வகம் எவ்வளவு சரியாகச் செய்தாலும் பயனில்லை. ஒரு ஏக்கரில் பத்துப் பதினைந்து இடங்களில், கோணல் மாணலாக நடந்து எடுங்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில 'வி' வடிவத்தில் அரை அடி ஆழத்துக்கு வெட்டுங்கள். வெட்டிய மண்ணை எறிந்துவிட்டு, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சுரண்டி எடுங்கள். பருத்தி, கரும்பு, வாழை, மரவள்ளி போடுவதானால் முக்கால் அடி ஆழம்.

வரப்பு ஓரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம், அண்மையில் உரம் போட்ட இடம் வேண்டாம். எல்லா மண்ணையும் சாக்கில் கொட்டிக் கலந்து வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரியுங்கள். எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மீதியை மறுபடி கலந்து பிரித்து, அரைக் கிலோ வரும்வரை செய்யுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போடுங்கள். உரச்சாக்கில் போட்டு அனுப்பினால் அதில் ஒட்டியிருக்கும் உரமும் சேர்ந்து ஆய்வுக்குப் போகும்.

முதல் படியில் குறித்த அந்த மட்டமான மூலையை மற்றதோடு கலக்காதீர்கள். அதைத் தனி மாதிரியாக அனுப்புங்கள். ஒரே வயலுக்குள் இருக்கும் வித்தியாசத்தைத் தனித்தனியாகக் கவனிப்பதுதான் துல்லியப் பண்ணையத்தின் உயிர். அது இந்த இரண்டு பைகளில் தொடங்குகிறது.

தண்ணீர் மாதிரிக்கு மோட்டாரை அரை மணி ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து அன்றே கொடுங்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களிலும், பாப்பாரப்பட்டி போன்ற வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கொடுக்கலாம். கட்டணம் மிகக் குறைவு.

அறிக்கை வந்ததும் மண்ணில் கார அமில நிலை, உப்பு, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல் சத்துகளைப் பாருங்கள். தண்ணீரில் ஈ.சி. மீட்டருக்கு 0.7 டெசி சைமன்ஸுக்குக் (dS/m) கீழே என்றால் உப்பைப் பற்றிக் கவலை இல்லை. 3-க்கு மேல் என்றால் காய்கறிக்குக் கடினம். அந்தப் போரை நம்பிச் சொட்டுநீர் போடும் முன் வேளாண் அலுவலரிடம் பயிரைப் பற்றியே பேசுங்கள். இடைப்பட்ட அளவுக்குப் பயிரையும் மண்ணையும் பார்த்து முடிவு செய்யலாம். பைகார்பனேட் அதிகமானால் குழாயில் சொட்டு விழும் துளையான சொட்டுவானில் சுண்ணாம்பு படியும். இரும்பு அதிகமானால் செம்பழுப்பாக வழவழவென்று அடைக்கும். எந்த ஃபில்டர், எப்படிப் பராமரிப்பு என்பதை இந்தத் தாள்தான் முடிவு செய்யும். அதனால் குழாய்க்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே இது கையில் இருக்கவேண்டும்.

4. மானியத்துக்கு விண்ணப்பியுங்கள்

தமிழ்நாட்டில் சொட்டுநீர் போன்ற நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. குறைந்த செலவில் தொடங்குவது இங்கே சாத்தியமாவதே இதனால்தான். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ உழவன் செயலியிலோ பதிவு செய்யலாம்.

அங்கீகரித்த நிறுவனங்களில் எதை எடுப்பது என்று முடிவு செய்வது நீங்கள்தான். முகவர் காட்டும் முதல் பெயரில் கையெழுத்துப் போடவேண்டாம். உங்கள் ஊரில் மூன்று வருஷத்துக்கு முன் போட்டவர்களிடம் போய், பழுது என்று கூப்பிட்டால் யார் வருகிறார்கள் என்று விசாரியுங்கள்.

வடிவமைப்பு வரைபடத்தில் கையெழுத்திடும் முன், நீங்கள் அளந்த மணிக்கு இத்தனை லிட்டர் என்ற எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் மோட்டாரின் குதிரைத்திறனை வைத்து ஒரு எண்ணைப் போட்டிருப்பார்கள். மாற்றச் சொல்லுங்கள். அமைத்த பிறகு மாற்றினால் செலவு உங்கள் தலையில்தான் விழும். ஒரே நிலத்துக்கு மறுபடி மானியம் வாங்க ஏழு வருஷம் ஆகவேண்டும். ஆகவே இந்தக் கையெழுத்து ஏழு வருஷத்துக்கானது.

5. சொட்டுநீர் அமைப்பைப் பிரித்துப் போடுங்கள்

காய்கறிக்கு இங்கே பழக்கத்தில் உள்ளது 4 அடி அகல மேட்டுப்பாத்தி, ஒரு அடி சால். சொட்டுவான் உள்ள சிறு குழாய்தான் லேட்டரல்; லேட்டரலுக்கு லேட்டரல் ஒன்றரை மீட்டர், 60 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவான், ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர். பாத்தியின் நடுவே லேட்டரல், இருபுறமும் ஜோடி வரிசையாகச் செடி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் சுமார் 4,000 சதுர மீட்டர். ஒரு சொட்டுவான் 0.9 சதுர மீட்டரைப் பார்க்கிறது. ஆக ஏறக்குறைய 4,500 சொட்டுவான்கள், மணிக்கு 18,000 லிட்டர். போர் கொடுப்பது 9,000. ஒரே நேரத்தில் ஏக்கர் முழுக்க ஓடாது. இரண்டாகப் பிரித்தால் கணக்குச் சரியாக வரும், ஆனால் கோடையில் 7,500 ஆகும்போது திணறும். மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 6,000 லிட்டர் போதும். நான் எப்போதும் மூன்றைத்தான் சொல்வேன். மீதித் தண்ணீரைத் திருப்பிவிட ஃபில்டருக்கு முன் ஒரு பைபாஸ் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் அழுத்தம் ஏறி இணைப்புகள் கழன்று வரும்.

பிரிக்கும்போது மண்ணைப் பார்த்துப் பிரியுங்கள். மட்டமான மூலையும் நல்ல மண்ணும் ஒரே வால்வில் வந்தால், பின்னால் இரண்டுக்கும் வேறு வேறு அளவு கொடுக்கவே முடியாது. பைப் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

ஃபில்டர்: போர் தண்ணீருக்கு டிஸ்க் அல்லது சல்லடை ஃபில்டர். மணல் வந்தால் அதற்கு முன்னால் மணல் பிரிக்கும் ஹைட்ரோ சைக்ளோன். திறந்த கிணறு, தொட்டித் தண்ணீர் என்றால் பாசி இருக்கும், மணல் ஃபில்டர் இல்லாமல் ஆகாது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி பொருத்தச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடைவெளி வழக்கத்தைவிடக் கூடினால் ஃபில்டர் அழுக்காகிவிட்டது என்று அர்த்தம். 'வாரம் ஒரு முறை கழுவு' என்ற பொது விதியைவிட இது நம்பகமானது.

லேட்டரலின் நீளம் 50 மீட்டரைத் தாண்டாமல் லேட்டரல்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் சப்மெயின் குழாயை நடுவில் கொண்டுபோங்கள். லேட்டரலைப் பொருத்தியதும் கடைசி முனையை மூடவேண்டாம். முதலில் மெயின், அடுத்து சப்மெயின், கடைசியாக லேட்டரல் என்று வரிசையாகத் தண்ணீரை விட்டுக் கழுவுங்கள். குழாய் அறுத்த தூளும் மண்ணும் வெளியே வந்து தண்ணீர் தெளிந்த பிறகே எண்ட் கேப். இந்த ஒரு மணி நேர வேலையைத் தாண்டிப்போவதால் புதுக் குழாயிலேயே அடைப்பு வருகிறது.

6. டம்ளர் சோதனை

அமைத்தவர்கள் கிளம்பும் முன்பே இதைச் செய்யுங்கள். ஒரு பிரிவைத் திறந்து, அழுத்தம் நிலைக்கும்வரை பத்து நிமிஷம் விடுங்கள். வால்வுக்குப் பக்கத்து லேட்டரல், நடு லேட்டரல், கடைசி லேட்டரல். ஒவ்வொன்றிலும் தலைப்பு, நடு, வால் என்று மூன்று சொட்டுவான். ஒன்பது இடத்திலும் மண்ணைக் கொஞ்சம் பறித்து டம்ளரை வையுங்கள். சரியாக மூன்று நிமிஷம் கழித்து எடுத்து அளந்து, படத்தில் அந்தந்த இடத்திலேயே எழுதுங்கள்.

மணிக்கு 4 லிட்டர் என்றால் மூன்று நிமிஷத்துக்கு 200 மில்லி. ஒன்பதும் 180-க்கும் 220-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. வால் பக்கம் மட்டும் 150 என்றால் அழுத்தம் போதவில்லை, அல்லது பிரிவு பெரிது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தால் அடைப்பு. எல்லாமே குறைவென்றால் ஃபில்டரைப் பாருங்கள்.

நடவுக்குப் பிறகு மாதம் ஒரு முறை இதே ஒன்பது இடத்தில் செய்யுங்கள். செடி வாடி இலை சொல்லும் முன்பே டம்ளர் சொல்லிவிடும்.

சுண்ணாம்புப் படிவுக்கு அமிலம் விட்டுக் கழுவுவார்கள். முதல் தடவை பழகியவரை வைத்துக்கொண்டு, கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்றவேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பாசிக்குக் குளோரின் விடுவது வேறு நாளில். இரண்டையும் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். இதில் அவசரமே வேண்டாம்.

7. எவ்வளவு நேரம் ஓட்டுவது

பெரும்பாலானவர்கள் கரண்ட் இருக்கும்வரை ஓட்டுகிறார்கள். செம்மண்ணில் வேரைத் தாண்டிப் போகும் தண்ணீரோடு உரமும் போய்விடும்.

ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு ஏக்கருக்கு 4,000 லிட்டர். மேலே சொன்ன அமைப்பு ஒரு மணி நேரத்தில் சுமார் நாலரை மில்லிமீட்டர் கொடுக்கிறது. வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். நட்ட புதிதில் செடிக்கு அதில் பாதிகூட வேண்டாம், 2 மில்லிமீட்டர் போதும்: ஒரு பிரிவுக்கு 27 நிமிஷம். பூத்துக் காய்க்கும்போது முழு 5 மில்லிமீட்டரும் வேண்டும்: 67 நிமிஷம். மூன்று பிரிவுக்கும் சேர்த்து மூன்றேகால் மணிக்குச் சற்று மேல். மும்முனை மின்சாரம் அதற்குப் போதுமா என்று உங்கள் நோட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

மழைமானியில் 10 மில்லிமீட்டர் காட்டினால் அது ஏக்கருக்கு 40,000 லிட்டர். இரண்டு நாளைக்கு மோட்டாரைத் தொடவேண்டாம். இந்திய வானிலைத் துறையின் மேகதூத் செயலியில் மாவட்ட வாரியாக முன்னறிவிப்பும், வாரம் இரு முறை வேளாண் ஆலோசனையும் வருகின்றன. நாளை மழை என்றிருந்தால் இன்றைக்கு உரம் விடுவதைத் தள்ளிப்போடுங்கள்.

இது தொடக்கக் கணக்குதான். நிலத்தில் சரிபார்ப்பது ஒன்பதாம் படியில்.

8. உரத்தைத் தண்ணீரோடு கொடுப்பது

கரைத்த உரத்தை உறிஞ்சிக் குழாய்த் தண்ணீரில் கலக்கும் வெஞ்சுரியில் தொடங்குங்கள். மோட்டார் வேண்டாம், விலை குறைவு, பழுதாக ஒன்றுமில்லை. தன் இரு முனைக்கும் இடையே அழுத்த வித்தியாசம் இருந்தால்தான் அது உறிஞ்சும். உறிஞ்சவில்லை என்றால் அதற்கு இணையாகப் போகும் மெயின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். வெஞ்சுரி ஃபில்டருக்கு முன்னால் இருக்கவேண்டும், கரையாத துகளை ஃபில்டர் பிடிக்கும். அதற்கும் போருக்கும் நடுவே, தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாமல் ஒருபோதும் உரம் விடாதீர்கள். கரண்ட் போன நொடியில் குடிதண்ணீர் எடுக்கும் போருக்குள் உரத்தண்ணீர் இறங்கும்.

எந்த உரம்? எல்லாவற்றுக்கும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) கரையும் உரம் வாங்குவது செலவைத் தேவையில்லாமல் ஏற்றுகிறது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, அதில் 20.7 கிலோ தழைச்சத்து. கிலோவுக்குப் பதின்மூன்று ரூபாய்கூட ஆகவில்லை. முழுக் கரையும் உரங்களில் அதே சத்து பல மடங்கு விலை. மணிச்சத்தில் முக்கால் பங்கை சூப்பர் பாஸ்பேட்டாக அடியுரத்தில் போட்டுவிடுங்கள். தழைச்சத்தை யூரியாவாகவும் சாம்பல் சத்தை வெள்ளைப் பொட்டாஷாகவும் சொட்டுநீரில் விடலாம். சிவப்புப் பொட்டாஷ், சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. மூன்றையும் குழாயில் விடக்கூடாது. கசடு நிற்கும். பூக்கும் முன் 12:61:0, காய் பருக்கும்போது 13:0:45 என்று விலை கூடியதை அந்தந்தக் கட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மண் அறிக்கையை வைத்து அலுவலர் பரிந்துரைக்கும் மொத்த அளவை வாரங்களாகப் பிரியுங்கள். ஒரு வாரத்துக்கு 5 கிலோ தழைச்சத்து வேண்டுமென்றால், யூரியாவில் 46 சதவீதம் என்பதால் சுமார் 11 கிலோ. மற்ற உரங்களிலிருந்து வரும் தழைச்சத்தைக் கழித்துவிட்டு இதைப் போடுங்கள்.

இங்கே புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை: ஏக்கருக்கான 11 கிலோவையும் தொட்டியில் கரைத்து முதல் பிரிவுக்கே விட்டுவிடுவது. மூன்று பிரிவென்றால் மூன்று தடவை தனித்தனியாகக் கரைக்கவேண்டும். பத்து நாளில் ஒரு பிரிவு கரும்பச்சையாகவும் மற்ற இரண்டும் வெளிறியும் நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கால்சியம் நைட்ரேட்டை மணிச்சத்து உரத்தோடும் சல்பேட் உரத்தோடும் ஒரே தொட்டியில் சேர்க்காதீர்கள். அது கல்லாக இறுகிச் சொட்டுவானுக்குள் உட்கார்ந்துவிடும். புதிதாக எதைக் கலப்பதானாலும் அதே விகிதத்தில் கண்ணாடிப் பாட்டிலில், உங்கள் போர் தண்ணீரிலேயே கலந்து ஒரு மணி நேரம் வையுங்கள். கலங்கினாலோ அடியில் தங்கினாலோ வேண்டாம்.

விடும் நேரத்தை மூன்றாகப் பாருங்கள்: முதல் கால்வாசி வெறும் தண்ணீர், நடுப்பாதி உரம், கடைசிக் கால்வாசி மறுபடி வெறும் தண்ணீர். முதலில் விடுவது அழுத்தம் சீராவதற்கு. கடைசியில் விடுவது குழாயில் உரம் தங்காமலிருக்க. கடைசிக் கால்வாசி போதுமா என்று தெரிய, வயலின் கடைசிச் சொட்டுவானில் டம்ளரை வைத்து ஈ.சி. மீட்டரால் நிமிஷத்துக்கு ஒரு தடவை பாருங்கள். உரம் வந்ததும் எண் ஏறும், போனதும் இறங்கிப் பழைய அளவுக்கு வரும். இதைப் பொட்டாஷ் விடும் நாளில் செய்யுங்கள். யூரியா மட்டும் கரைத்தால் ஈ.சி. மீட்டரில் தெரியாது, உரமே வரவில்லை என்று ஏமாந்துபோவீர்கள்.

9. ஈரம் பார்க்கும் கருவி

முதல் சென்சாரை இப்போது வாங்கலாம். பூந்தொட்டிக்கு விற்கும் இரட்டைக் கம்பி மீட்டர் வேண்டாம். உரத்தண்ணீரில் கம்பி அரிக்கும், உப்பு ஏறினால் ஈரம் என்று தவறாகக் காட்டும்.

இரண்டு நல்ல வழிகள் உண்டு. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டும் கருவியில் விளக்கு எரியும்: நீலம் என்றால் நிறைய ஈரம், பச்சை போதும், ஆரஞ்சு என்றால் பாய்ச்சலாம், சிவப்பு என்றால் உடனே பாய்ச்சவேண்டும். கையில் எடுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் குத்திப் பார்க்கலாம். இன்னொன்று டென்சியோமீட்டர். நுண்துளைப் பீங்கான் முனையில் தண்ணீர் நிரப்பிப் புதைப்பது, மின்சாரம் தேவையில்லை. மண் காயக் காய அதன் எண் ஏறும்; செம்மணல் நிலத்தில் 20 சென்டிபார் வந்ததும் பாய்ச்சலாம். களிமண்ணில் 40 வரைகூடப் பொறுக்கலாம்.

எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சொட்டுவானுக்கு நேர் கீழே வைத்தால் எப்போதும் ஈரம்தான் காட்டும். செடிக்கும் சொட்டுவானுக்கும் நடுவே, அரை அடி ஆழத்தில் ஒன்று, ஒரு அடி ஆழத்தில் ஒன்று வையுங்கள். மேலே காய்ந்து கீழே ஈரமாகவே இருந்தால் குறைந்த நேரம், அடிக்கடி ஓட்டுங்கள். கீழே நாளுக்கு நாள் காய்ந்துகொண்டே வந்தால் நேரம் போதவில்லை. ஏழாம் படியின் 27 நிமிஷத்தையும் 67 நிமிஷத்தையும் இதை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

நெல்காரர்களுக்கு இதைவிட மலிவான கருவி, இலையின் பச்சையை ஒப்பிட எண்ணிட்ட நிறப் பட்டைகள் உள்ள இலை வண்ண அட்டை. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலை எட்டிலிருந்து பத்துக்குள், உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நின்று பத்து இலையைப் பாருங்கள். ஆறு இலையோ அதற்கு மேலோ குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் தழைச்சத்து. வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3, மற்ற ரகங்களுக்கு 4.

10. நோட்டு

தேதி, எந்தப் பிரிவு, எத்தனை நிமிஷம், என்ன உரம், எத்தனை கிலோ, மழை, ஈரம், பறித்த கிலோ, விற்ற விலை. பறிப்பைப் பிரிவு வாரியாக எழுதுங்கள். ஏக்கருக்கு மொத்தமாக எழுதினால் எந்தப் பிரிவு பின்தங்குகிறது என்று தெரியாது. மஞ்சள் ஒட்டும் அட்டையை ஏக்கருக்கு ஐந்து கட்டி, வாரம் ஒரு நாள் அதில் எத்தனை வெள்ளை ஈ என்று எண்ணி அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை ஏறும்போதுதான் மருந்துத் தெளிப்பைப் பற்றி யோசிக்கவேண்டும்.

போன் செயலியை விட மோட்டார் அறைக் கதவில் தொங்கும் நோட்டுதான் நிலைக்கிறது. வால்வு திருப்புபவர் யாரோ அவரே எழுதவேண்டும்.

11. இலவச செயற்கைக்கோள் படம்

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளைக்கு ஒரு முறை உங்கள் வயலைப் படமெடுக்கின்றன. கோபர்நிகஸ் பிரவுசர் என்ற தளத்தில் கணக்குத் தொடங்கி, வயலின் எல்லையை வரைந்து, மேகம் குறைந்த நாளைத் தேர்ந்து, என்.டி.வி.ஐ. என்ற பசுமைக் குறியீட்டைப் பார்க்கலாம். காசு இல்லை.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு ஏக்கருக்கு வெறும் நாற்பது புள்ளிகள்தான், ஓரத்துப் புள்ளிகளில் பக்கத்து வயலும் வரப்பு மரமும் கலந்திருக்கும். தென்னைக்கு நடுவே ஊடுபயிர் என்றால் தென்னைதான் தெரியும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வாரக்கணக்கில் மேகம் மறைக்கும். தனியாக ஒரு நாள் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மூன்று நாலு தேதிகளில் ஒரே இடம் மங்கலாகத் தெரிந்தால் அங்கே நடந்து போய்ப் பாருங்கள், டம்ளரை வையுங்கள், ஈரம் பாருங்கள். படம் இடத்தைத்தான் காட்டும். காரணத்தை நீங்கள்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

12. மோட்டார், வால்வு தானியங்கி

ஒரு பருவ நோட்டு நிரம்பிய பிறகு இதற்கு வாருங்கள். சிம் போட்டுப் போனில் இயக்கும் ஸ்டார்ட்டருக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் உண்டு. வாங்கும்போது தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதைத் தடுக்கும் டிரை ரன் பாதுகாப்பும், ஒரு முனை போனால் நிறுத்தும் வசதியும் இருக்கிறதா என்று கேளுங்கள். வயலில் எந்த சிம் எடுக்கிறது என்பதை மோட்டார் அறைக்குள் நின்று சோதித்துவிட்டு வாங்குங்கள். தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் விழுந்துவிடும்.

தானியங்கி வால்வு இன்னும் ஒரு பருவம் காத்திருக்கட்டும். இரவு மின்சாரத்தில் மூன்று பிரிவையும் மாற்ற ஆள் இல்லை என்ற நிலை வந்தால் அப்போது வாங்கலாம். மருந்து தெளிக்க டிரோனை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு ஏக்கருக்காகச் சொந்தமாக வேண்டாம். வானிலை நிலையம் வைப்பதைவிட அந்தப் பணத்தில் இரண்டாம் ஏக்கருக்கு டென்சியோமீட்டர் ஜோடி வாங்கலாம். அந்த ஏக்கருக்கும் தொடக்கம் டிரம் அளவிலிருந்துதான். அதே போராக இருந்தாலும் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு ஏக்கரையும் தாங்குமா என்று அப்போதுதான் தெரியும்.